வீட்டுப்பாடம் காலையிலேயே தொடங்குகிறது: தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் சேரப் பணியாணை வந்திருக்கிறதா? பள்ளியின் பெயரைப் பார்த்ததும் எந்த பஸ், எங்கே வாடகை வீடு என்றுதான் விசாரித்திருப்பீர்கள். அவை ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆண்டு முழுதும் இழுத்தடிப்பது வேறொன்று: நேற்று கொடுத்த வீட்டுப்பாடத்தைப் பாதிப் பேர் செய்யாமல் வந்து நிற்பதும், அதைக் கேட்டுக் கேட்டே முதல் பாடவேளை கரைந்துபோவதும்.

என் கட்சி இதுதான். பிள்ளை யார் துணையும் இல்லாமல் தானே செய்யக்கூடியதை மட்டும் வீட்டுக்குக் கொடுங்கள். மறுநாள் காலையில் நீங்கள் பார்க்க நேரம் இருப்பதை மட்டும் கொடுங்கள். இந்த இரண்டுக்கும் உட்படாத எதையும் கொடுக்காதீர்கள். கேட்க எளிது. ஆனால் இதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் காலை மணி அடிப்பதிலிருந்தே நாளை வேறு மாதிரி ஓட்ட வேண்டும். அந்த நாளை வரிசையாகச் சொல்கிறேன்.

யார் துணையும் இல்லாமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தில் சுமார் 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அன்று எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவர்கள்தான் இன்று பல வீடுகளில் மாலையில் பிள்ளையோடு இருக்கும் பாட்டியும் தாத்தாவும். அப்பாவும் அம்மாவும் பெங்களூருவில் கட்டட வேலையிலோ, ஓசூரில் ஷிப்ட் வேலையிலோ இருப்பார்கள். ‘வீட்டில் சொல்லிக்கொடுக்கச் சொல்’ என்று நீங்கள் சொன்னால், அந்தச் சொல் போய்ச் சேர அங்கே ஆள் இருக்காது.

சேர்ந்த முதல் வாரம்

பாடம் நடத்த அவசரப்படாதீர்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு ஒரு மாலை பிள்ளைகளோடு ஊருக்குள் நடந்து போங்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, வீட்டில் உட்கார்ந்து எழுத இடம் உண்டா, மாலையில் ஆடு மாடு ஓட்டப் போகிறதா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறதா என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதினால் போதும். வீட்டுப்பாடத்தின் அளவை முடிவு செய்யப்போவது அந்த ஒரு வரிதான்.

அடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாம் வகுப்புப் பாடநூலில் எளிய பத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் காதில் விழாத இடம் வேண்டும். தாழ்வாரத்து ஓரமோ வேப்பமரத்தடியோ போதும். எழுத்து மட்டும் தெரிகிறதா, சொல்லாகச் சேர்க்க வருகிறதா, தொடராக வாசிக்கிறதா, வாசித்ததன் பொருளைச் சொல்கிறதா என்று நான்கு குறிகளில் ஒன்றைப் போடுங்கள். ஐந்தாம் வகுப்பில் சொல்லில் தடுக்கும் பிள்ளையும், இரண்டாம் வகுப்பில் பத்தியைச் சரளமாக வாசிக்கும் பிள்ளையும் கிடைப்பார்கள். வியப்பை முகத்தில் காட்டாதீர்கள்.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, 2023-24 கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, ஒரே அறையில் மூன்று நிலைக்கும் வேலை கொடுக்கும் முறை இருக்கிறது. ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும் பருவம்தோறும் கைக்கு வரும். வகுப்பில் நிலை பார்த்துப் பாடம் நடத்துகிறவர்களும் நான்கு மணிக்கு எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறார்கள். அரும்பில் இருக்கும் பிள்ளைக்கு மலர் நிலை வேலை வீட்டுக்குப் போகிறது. அது செய்யப்படாமல் திரும்பி வந்தால் பிள்ளையின் மேல் கோபிக்க என்ன இருக்கிறது?

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை கிடைத்தவர்கள் கன்னடத்தையும், வேப்பனப்பள்ளி, சூளகிரி, ஓசூர்ப் பக்கம் போகிறவர்கள் தெலுங்கையும் எதிர்பார்த்தே போங்கள். உருது பேசும் வீடுகளும் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளியிலும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடம். ஆனால் ஜூன் மாதம் முதல் வகுப்பில் வந்து உட்காரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நீங்கள் பேசுவது பாதி புரியாது. அதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிள்ளை வீட்டு மொழியில் சொல்லட்டும். நான்காம் வகுப்பு அக்காவோ அண்ணனோ தமிழில் திருப்பிச் சொல்லட்டும். பிறகு அதே தொடரைப் பிள்ளை தமிழில் சொல்லட்டும். வீட்டு மொழியை வகுப்பில் பேசாதே என்று தடுத்தால் பிள்ளை தமிழுக்கு மாறாது. வாயை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

காலை, மணிக்கு முன்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. இதைச் சமையலரின் பொறுப்பு என்று விட்டுவிடாமல் கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பிள்ளைகளோடு உட்காருங்கள். யார் வரவில்லை, யார் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பது பதிவேட்டைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். நேற்றைய வீட்டுப்பாடம் என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சாதாரணப் பேச்சாகக் கேட்டுவிடலாம். வகுப்பில் எழுந்து நின்று சொல்லத் தயங்கும் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடும்.

வெளியூர் ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கை. நகம், தலைமுடி, பல் என்று பார்த்துவரும்போது பல பிள்ளைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை தெரியும். பல் துலக்கவில்லை என்று திட்டிவிடாதீர்கள். இந்த இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் முளைப்பதற்கு முன்பே படியும் கறை அது, துலக்கினால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்ததே இதற்காகத்தான். ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்காமல் ஒகேனக்கல் நீர் வரும் குழாயில் புட்டியை நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். பலப்பத்தைத் தின்னும் பிள்ளையையும் அதட்டிப் பயனில்லை. சத்துக் குறைவோ குடற்புழுவோ காரணமாக இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரைக் கொடுங்கள்.

வருகைப் பதிவு, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் செயலி இரண்டையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். சிக்னல் கிடைக்கும் மூலை எது என்று பழைய ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்.

வருகை எண்ணிக்கையே அன்றைய முதல் கணக்கு. ‘மொத்தம் 27 பேர், வந்திருப்பது 23 பேர், வராதவர் எத்தனை?’ மதிய உணவுக்கு முட்டை அட்டை வந்ததும் அடுத்தது. ஓர் அட்டையில் வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை, முப்பது குழி. ஆளுக்கு ஒன்று போனால் அட்டையில் மீதி எத்தனை? சத்துணவு அமைப்பாளருக்கு இந்த எண் எப்படியும் வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

முதல் இரண்டு பாடவேளை வாசிப்புக்கு

பிள்ளைகள் புத்துணர்ச்சியோடு இருக்கும் நேரம் இது. கூட்டமோ, பதிவேடோ, விழா ஒத்திகையோ எது வந்தாலும் இந்த நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதல் வகுப்பில் ‘க கா கி கீ’ என்று வரிசையைப் பாட்டாகச் சொல்லும் பிள்ளைக்கு எழுத்து தெரியும் என்று நம்பிவிட வேண்டாம். வாய் ஓடுகிறது, கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. எழுத்து அட்டைகளைக் கலைத்து நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக் கேட்டால்தான் நிலவரம் தெரியும். மூன்று இடங்களில் பிள்ளைகள் தேங்குகிறார்கள். கற்பிக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அங்கே செலவிடுங்கள்.

ஒன்று, கொம்பு வரும் எழுத்துகள். ‘பெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படிக்கப் பழகிய பிள்ளை இங்கே திகைக்கிறது. ‘பொ’, ‘போ’ வந்தால் இரண்டு பக்கமும் குறி. எழுத்தைப் பிய்த்துப் பிய்த்துச் சொல்லிக்கொடுக்காமல் முழு வடிவத்தையும் ஒரே அட்டையில் எழுதி, சொல்லோடு சேர்த்துக் காட்டுங்கள். பெட்டி, பேன், பொரி, போர்வை போன்ற வீட்டுச் சொற்கள் போதும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசத்தைக் காதில் முதலில் வாங்கட்டும், கண் பிறகு பழகும்.

இரண்டாவது, உகர வரிசை. கால் போட்டால் ஆ, கொம்பு போட்டால் எ என்று மற்ற வரிசைகளில் ஒரே குறி திரும்பத் திரும்ப வருகிறது. உகரத்தில் அப்படி இல்லை, எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. அகரவரிசைப்படி நடத்தினால் பிள்ளைக்குப் பதினெட்டும் பதினெட்டுத் தனி எழுத்தாகத் தெரியும். வடிவத்தை வைத்துப் பிரித்தால் சுமை குறைகிறது. கீழே கோடு இறங்கும் சு, பு, யு, வு ஒரு கூட்டம். கீழே வளைந்து வலப்பக்கம் மேலேறும் து, நு, லு, று, ணு, னு ஒரு கூட்டம். எழுத்தோடு சேர்ந்து சுழியும் கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று எடுத்து, அந்த எழுத்துகள் மட்டும் வரும் சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஊகார வரிசையை இதற்குப் பிறகு தொடலாம்.

மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்த ல, ள, ழ, ர, ற, ந, ண, ன. இவற்றில் சொல்வதெழுதுதல் வைத்துப் பிழைக்குப் பிழை சிவப்பு மை போடுவதால் மட்டும் பயன் இல்லை. வீட்டில் யாரும் வேறுபடுத்தி உச்சரிக்காத ஒலியைப் பிள்ளை எப்படி வேறுபடுத்தும்? நீங்கள் வகுப்பில் திருத்தமாக உச்சரியுங்கள். பிள்ளை அடிக்கடி எழுதும் சொற்களை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்: பள்ளி, பழம், மழை, கல், மரம், பறவை, நான், கண். மற்றவை வாசிக்க வாசிக்கக் கூடிவரும்.

பழைய கட்டடமாக இருந்தால் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை இருக்கும். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுதும் வந்தபோது தீட்டியது. பல பள்ளிகளில் அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம். உங்கள் பள்ளியில் தப்பியிருந்தால் கறுப்பு வண்ணம் வாங்கிப் புதுப்பித்துவிடுங்கள். ஆளுக்கொரு பகுதி பிரித்துக் கொடுத்துச் சொல்வதெழுதுதலோ கணக்கோ கொடுத்தால், நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பதற்குள் யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். இருபத்தைந்து நோட்டைச் சுமந்து போய் இரவில் கண்டுபிடிப்பதை அங்கேயே, அப்போதே திருத்திவிடலாம். வகுப்பில் இப்படிப் பிடிக்கும் ஒவ்வொரு பிழைக்கும் வீட்டுப்பாடத்தில் ஒரு வரி குறையும்.

ஈராசிரியர் பள்ளிகளே இங்கு ஏராளம். ஒருவருக்கு ஒன்று முதல் மூன்று, மற்றவருக்கு நான்கும் ஐந்தும் வரும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்த முயலாதீர்கள். ஒரு குழு உங்களோடு, ஒரு குழு கரும்பலகையில், ஒரு குழு வாசிப்பு நூல்களோடு என்று இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். அரசின் வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் பள்ளியில் இருந்தால் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தே அச்சிட்டிருக்கிறார்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

கணக்கு

நாற்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கழிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் சிலர் 35 என்று எழுதுவார்கள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துவிட்டார்கள். இதை ‘கடன் வாங்கவில்லை’ என்று சொல்லித் திருத்தினால் அடுத்த கணக்கில் மீண்டும் வரும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டி வையுங்கள். நான்கு கட்டும் இரண்டு குச்சியும் கையில் கொடுத்து, பதினேழு குச்சி எனக்குத் தா என்று கேளுங்கள். இரண்டு குச்சியில் ஏழு எடுக்க முடியாது என்று கண்டதும் பிள்ளை தானே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த அவிழ்ப்பைப் பார்த்த பிறகு எழுதச் சொல்லுங்கள். 25 வந்ததும் அதோடு 17ஐக் கூட்டிப் பார்க்கவும் பழக்குங்கள். விடை சரியா என்று தானே பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கணக்கை வீட்டுக்குக் கொடுக்கலாம். தெரியாத பிள்ளை ஒரே பிழையை வீட்டில் பத்து முறை எழுதிப் பழகிவிட்டு வரும்.

எண்ணுவதற்கு மணிகள் வாங்க வேண்டாம். மாசி, பங்குனியில் வீடுகளில் புளி தட்டும் வேலை நடக்கும்போது ஒரு பை புளியங்கொட்டை சொன்னாலே வந்துவிடும். அதே மாதங்களில் பெரியவர்களோடு பிள்ளைகளும் கொட்டை எடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். அந்த வாரங்களில் வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பொங்கலுக்குப் பின் ஊரில் எருது விடும் விழா என்றால் அன்றும் மறுநாளும் எதுவும் வேண்டாம். கொடுத்தாலும் நடக்காது.

மதியத்துக்குப் பிறகு

சாப்பிட்டதும் கண் சொருகும். அறிவியலையும் சமூக அறிவியலையும் இந்த நேரத்தில் வெளியே கொண்டுபோங்கள். மல்பெரித் தோட்டமோ தக்காளித் தோட்டமோ ராகிக் கொல்லையோ பக்கத்தில் இருக்கும். பாட்டு, படம் வரைதல், விளையாட்டு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வீட்டுப்பாடம் கொடுப்பது

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்பு வரை வேண்டாம் என்கிறது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம் என்கிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 24 நிமிடம். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 24 நிமிடம்! தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம், கணக்குக்கு ஒரு பயிற்சி என்று கொடுக்கும் பழக்கம் இந்தக் கணக்கில் எங்கும் அடங்காது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அதே கொள்கைதான். இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பாடத்தில் மட்டும் கொடுங்கள், ஒரு நோட்டு மட்டும் வீட்டுக்குப் போகட்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வேலை இல்லை என்பதால் மாலை வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. பாட்டியிடம் ஒரு விடுகதை கேட்டு வரச் சொல்லுங்கள். மூன்று வகை இலை கொண்டுவரச் சொல்லுங்கள். வகுப்பில் கேட்ட கதையை வீட்டில் ஒருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் விடுகதைக்குப் பஞ்சமில்லை. வீட்டு மொழி தெலுங்கோ கன்னடமோ ஆனாலும் தடையில்லை. மறுநாள் வகுப்பில் தமிழில் சொல்ல முயல்வதே பாடம்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் கடைசிப் பாடவேளையில் பதினைந்து நிமிடத்தை இதற்கென ஒதுக்குங்கள். மணி அடித்த பிறகு பையைக் கட்டிக்கொண்டே கேட்கும் வீட்டுப்பாடம் வாசல் வரைகூடப் போகாது. நடைமுறை இப்படி:

1. கரும்பலகையில் வேலையை இரண்டு வரிக்குள் எழுதுங்கள். அதற்கு மேல் போனால் எழுதிக்கொள்வதே ஒரு வேலையாகிவிடும்.
2. அன்று வகுப்பில் செய்ததன் தொடர்ச்சியாக மட்டும் இருக்கட்டும். கணக்கு என்றால் நான்கு போதும். முதல் மூன்றும் வகுப்பில் செய்தது போலவே, நான்காவது சற்று மாறியது.
3. முதல் கணக்கையோ முதல் வரியையோ உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். அங்கேயே தடுத்தால் அந்தப் பிள்ளைக்கு வேலையை மாற்றிக்கொடுங்கள்.
4. பென்சில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், செய்யாமல் வருவதற்கு இதுவும் அடிக்கடி காரணம். பள்ளியில் ஒரு டப்பாவில் துண்டுப் பென்சில்கள் இருக்கட்டும்.

வாசிப்பே தடுமாறும் பிள்ளைக்கு எழுதக் கொடுக்காதீர்கள். ஒரு பத்தியை இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டு வரட்டும். எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பாடத்தைப் பார்த்து எழுதுவதைவிட மூன்று வரி சொந்தமாக எழுதுவது மேல். இன்று வீட்டில் என்ன சமைத்தார்கள், மாட்டுக்கு என்ன போட்டார்கள், பஸ்ஸில் யாரைப் பார்த்தேன். பிழை இருக்கும், இருக்கட்டும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘படம் வாங்கி ஒட்டி வா’ என்று சொல்லாதீர்கள். சித்தேரி மலையிலோ அஞ்செட்டிப் பக்கத்துக் குக்கிராமத்திலோ படம் விற்கும் கடை எங்கே இருக்கிறது? அரூருக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ போய் வரும் பஸ் காசும் அரைநாள் கூலியும் அந்தப் படத்தோடு சேர்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வீட்டுப்பாடம் அனுப்பாதீர்கள். போன் அப்பாவோடு லாரியில் வடநாடு போயிருக்கும். இம்போசிஷன் அறவே வேண்டாம். ஐம்பது முறை எழுதச் சொன்னால் முதல் சொல்லை ஐம்பது வரியிலும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, பிறகு இரண்டாவது சொல்லுக்கு வருவார்கள். அதில் கற்பது எதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையை மாலையில் உட்கார வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இங்கே அது ஆபத்து. ஐப்பசிக்குப் பிறகு ராகி விளையும் காலத்தில் தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர்க் காட்டோரங்களில் யானைகள் நடமாடும். வெளிச்சம் இருக்கும்போதே, கூட்டமாகப் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும். கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளையைப் பிரித்து அரை மணி நேரம் பின்னால் அனுப்புவதை எந்த நோட்டும் நியாயப்படுத்தாது. பென்னாகரம் பக்கம் யானை வராத ஊராக இருந்தாலும் கடைசி பஸ் என்று ஒன்று இருக்கிறது.

மறுநாள் பார்ப்பது

நீங்கள் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் பிள்ளை செய்யும். கணக்கு என்றால் நான்காவது கணக்கை மட்டும் பாருங்கள். மற்ற மூன்றையும் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். சொந்தமாக எழுதிய மூன்று வரி என்றால் பொருளைப் படித்து ஒரு சொல் பதில் எழுதுங்கள். ‘கன்றுக்குட்டிக்குப் பெயர் வைத்தாயா?’ என்று நோட்டில் ஒரு கேள்வி போட்டால் மறுநாள் பதிலுக்காகவே இன்னும் மூன்று வரி வரும். பிழை எல்லாவற்றையும் வளைக்காமல் ஒரே வகைப் பிழையை எடுத்துத் திருத்துங்கள். இந்த வாரம் ஒற்றுப் பிழை என்றால் அது மட்டும்.

செய்யாத பிள்ளையை எழுப்பி நிறுத்தி எல்லோர் முன்னாலும் காரணம் கேட்டால் பொய்தான் கிடைக்கும். நோட்டு தொலைந்தது, தம்பி கிழித்தான். தனியாகக் கேட்டால் தெரியாமல் விட்டதா, நேரமில்லையா, பொருள் இல்லையா என்பது விளங்கும். தெரியாமல் விட்டிருந்தால் அது உங்கள் அன்றைய பாடத்துக்குக் குறிப்பு. அன்றே அதே பகுதியை மீண்டும் எடுங்கள். நேரமில்லை என்றால் குறிப்பேட்டில் அந்தப் பெயருக்கு எதிரே எழுதிய வரியைப் பாருங்கள், வேலையைக் குறையுங்கள். ஒரே நாளில் வகுப்பில் பாதிப் பேர் செய்யவில்லை என்றால் பிள்ளைகளை விசாரிக்கவே வேண்டாம். கொடுத்த வேலை தவறு.

ஊரில் மாலை வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் இன்னும் இருந்தால் அவரிடம் வாரத்துக்கு ஒரு முறை பேசுங்கள். உங்கள் வேலையை அவர் செய்து முடிக்கும் இடமாக அதை ஆக்கிவிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கட்டட விஷயம் முடிந்ததும் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, மாலையில் அரை மணி நேரம் டிவியை நிறுத்திவிட்டுப் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். கேட்பவருக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் நிமிர்வார்கள்.

ஊர் விட்டுப் போகும் பிள்ளைகள்

அறுவடை முடிந்ததும் சில குடும்பங்கள் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கிளம்பும். பிள்ளையும் கூடவே போகும், பல நேரம் சொல்லாமல். தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள், சிலர் விடுவார்கள். போவது உறுதி என்றால் எந்த ஊர், எவ்வளவு காலம் என்று விசாரித்துத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்க்க எமிஸ் எண் வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி அம்மாவின் கையில் கொடுங்கள், பிள்ளையின் பையில் போட்டால் தொலைந்துவிடும். கூடவே ஒரு சிறு வாசிப்பு நூலும், காலியான நாற்பது பக்க நோட்டு ஒன்றும். தினம் ஒரு வரி, பார்த்ததை எழுதினால் போதும் என்று சொல்லுங்கள்.

திரும்பி வரும் நாளில், பாடநூலில் வகுப்பு எட்டியிருக்கும் பக்கத்திலேயே அந்தப் பிள்ளையையும் தொடங்க வைத்துவிடாதீர்கள். முதல் வாரத்தில் செய்தது போலத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், குறியைப் புதிதாகப் போடுங்கள், அந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். அந்த வாரம் வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டாம்.